பிரான்சில் பாடம் சொல்லித்தரப் போகும் மகளும் முன்பின் தெரியாத வீடும்

போன வாரம் காரைக்காலிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளின் மேற்படிப்பு, வேலை பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சை அதோடு விட்டுவிடாமல் இன்னமும் தானாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டார்: "சார், பிரான்சுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லித்தரப் போறேங்கிறா. யாரோ முன்பின் தெரியாதவங்க வீட்டுல தங்கணுமாம். பாரீஸ் பக்கத்துல இருக்கிற என் கொழுந்தனார், அதெல்லாம் எதுக்கு, இங்க வந்து எம்பிஏ படிக்கட்டும், நம்ம வீட்டுலயே இருக்கட்டும்ங்கிறார். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அன்று ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியது தப்பு என்று அன்று ராத்திரியே தோன்றிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதே கவலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும்.

அம்மா, முதலில் எம்பிஏ. நாம் பேசிய ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் வாய் திறந்தது இரண்டே தடவை. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதைப் பற்றி, இன்னொரு முறை பிரெஞ்சில் ஏதோ ஒரு வினைச்சொல் ஏன் அப்படி மாறுகிறது என்பதைப் பற்றி. வியாபாரம், நிர்வாகம் என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. அங்கே தனியார் வணிகப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும், இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் எல்லாப் பள்ளியும் அரசு அங்கீகரித்த முதுநிலைப் பட்டம் தருவதில்லை, சில இடங்களில் கிடைப்பது அந்த நிறுவனம் தானே அடித்துக்கொடுக்கும் சான்றிதழ் மட்டும்தான். சாப்பாடும் தங்கலும் இலவசம் என்று கொழுந்தனார் சொல்வது நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப்போவது அவர் இல்லை, நீங்கள். அவளுக்கு ஆசையே இல்லாத படிப்புக்காக அதைச் செய்யாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இன்ஜினியரிங், ஐஇஎல்டிஎஸ், லண்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸ் எல்லாவற்றையும் உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், நான் வேறு சொல்லவேண்டாம். உங்கள் மகள் தானே தேடிக் கண்டுபிடித்த வழியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இவ்வளவு பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கும் நம் பக்கத்தில் அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

பிரான்ஸ் அரசு தன் பள்ளிகளில் வெளிநாட்டு இளைஞர்களை மொழி உதவியாளர்களாக அமர்த்துகிறது. 1905 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஆங்கிலத்துக்கு ஆள் எடுக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று, விண்ணப்பம் இங்குள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் வழியாகப் போகும். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏழு மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை. வரி, காப்பீடு பிடித்தம் போக கையில் மாதம் சுமார் 800 யூரோ நிற்கும். அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் 80 ஆயிரம். பெரிய சம்பளம் இல்லை, மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு சிறு ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு கடன் இல்லாமல் வாழ அது போதும், அவ்வளவுதான்.

வேலை என்ன? முழு வகுப்புக்கும் பொறுப்பு அங்குள்ள ஆசிரியருடையது. வகுப்பில் பாதிப் பேரைப் பிரித்து உங்கள் மகளிடம் விடுவார்கள், அல்லது ஆசிரியரோடு சேர்ந்து நின்று பிள்ளைகளைப் பேசவைக்க வேண்டும். ஆரம்பப் பள்ளியாக இருக்கலாம், நம் ஆறாம் வகுப்பில் தொடங்கும் கொலேஜாக இருக்கலாம், மேல்நிலையான லிசேயாகவும் இருக்கலாம். ஆசிரியர் ஆவதற்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரிந்து இல்லை. முடித்துத் திரும்பியதும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ சென்னைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. பிரெஞ்சு படிக்கலாம். அங்கேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாலும் ஆண்டுக் கட்டணம் நாலாயிரம் யூரோ வாக்கில்தான் வரும். எம்பிஏ கட்டணத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருவோம். பாரீஸில் சித்தப்பா வீடு இருக்கும்போது யாரோ ஒருவர் வீடு எதற்கு? எந்தப் பகுதி என்று விருப்பம் சொல்லலாம், எந்த ஊர் என்பது கல்வித்துறை கையில். பாரீஸிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, சாயந்திரம் ஏழு மணிக்குக் கடைசி பஸ் போய்விடும் ஊராகக்கூட அது இருக்கலாம். அப்படியே பாரீஸ் பக்கம் கிடைத்தாலும் சித்தப்பா வீட்டில் அவள் பேசப்போவது தமிழ், சாப்பிடப்போவது மீன் குழம்பு, ஏழு மாதம் கழித்துத் திரும்பும்போது அவளுடைய பிரெஞ்சு புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். லீவுக்குப் போகட்டும், தாராளமாக. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அங்கே பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை வரும், அப்போது சித்தி கையால் சாப்பிடட்டும்.

தங்கும் வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உங்கள் கவனம் இருக்கவேண்டும். வேலை உறுதியானதும் பள்ளியில் அவளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், முதல் கடிதத்திலேயே வீடு பற்றி அவரிடம் கேட்கவேண்டும். பல இடங்களில் அந்தப் பள்ளி ஆசிரியர்களே ஒரு அறையை வாடகைக்குக் கொடுப்பதுண்டு. போன வருட உதவியாளர் எந்த வீட்டில் இருந்தார் என்று விசாரித்தால் இன்னும் நல்லது. வீடியோ அழைப்பில் அந்த வீட்டில் இருக்கும் எல்லோரையும் பார்த்துப் பேசட்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வணக்கம் சொல்லுங்கள். அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா, வாடகையில் ஹீட்டருக்கான செலவு சேர்ந்ததா, ராத்திரிச் சாப்பாடு உண்டா, சமையலறையை எப்போது பயன்படுத்தலாம், விட்டுப் போவதானால் எத்தனை நாள் முன்னே சொல்லவேண்டும், எல்லாம் எழுத்தில் வரவேண்டும். அங்கே தங்கியிருக்கிறாள் என்று வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்கும் தாளும் கேட்டு வாங்கவேண்டும், அது இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது கஷ்டம், கணக்கு இல்லாமல் சம்பளம் வராது. ஆளைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கேட்டால் ஒரு பைசாகூட அனுப்பக் கூடாது.

நான் முன்பு வழிகாட்டிய ஒரு பெண் சைவம். அதை வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். முதல் ராத்திரி அந்த வீட்டம்மா ஆசையாகச் செய்து வைத்த சூப்பில் பன்றிக்கறித் துண்டுகள், இவள் ஒரு வாய்கூட வைக்காமல் பசிக்கவில்லை என்று எழுந்துவிட்டாள். தன் சமையல் பிடிக்கவில்லை என்று அந்தம்மா எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வரியில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். கறி, மீன், முட்டை, எது ஆகும் எது ஆகாது என்பதைப் போவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள், சண்டை வருவதெல்லாம் இவற்றில்தான். அங்கே குளியலறைத் தரையில் நம் வீட்டைப்போலத் தண்ணீர் போக வழி இருக்காது, வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். தாளிக்கிற வாசனை அடுத்த நாள் வரை திரைச்சீலையில் நிற்கும், கேட்டுவிட்டுச் செய்யவேண்டும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணி வாக்கில், எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள், அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய உண்மையான பிரெஞ்சு வகுப்பு. அந்த நேரத்தில் மேஜையில் போன் கூடாது. அதனால் நீங்களும் ஒன்று செய்யவேண்டும் அம்மா: குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். நம் ராத்திரி ஒன்பதரை அங்கே சாயந்திரம் ஐந்து, அப்போது கூப்பிடுங்கள். தூக்கம் வராமல் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டால் அங்கே சரியாகச் சாப்பாட்டு நேரம்.

ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குச் சுலபம். பிரெஞ்சில் நீ என்பதற்கு 'து', நீங்கள் என்பதற்கு 'வூ'. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள், யாரிடம் எதைச் சொல்வது என்று நமக்கோ சின்ன வயதிலிருந்தே உடம்பில் ஊறியிருக்கிறது. ஆனால் அறுபது வயது வீட்டம்மா தானாகவே "என்னை 'து' என்றே கூப்பிடு" என்பார். அப்போது நம் வளர்ப்புப்படி அடம்பிடித்து 'வூ' போட்டுக்கொண்டே இருந்தால் அவர் அதை ஒதுக்கமாக எடுத்துக்கொள்வார். பழகிக்கொள்ளட்டும்.

பள்ளியைப் பற்றி முன்பே தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. பிரான்சின் அரசுப் பள்ளியில் வேலை செய்பவர்கள் எந்த மத அடையாளமும் தெரிய நிற்கக்கூடாது. சிலுவை, தலைமுக்காடு, விபூதி எல்லாவற்றுக்கும் இதே விதி. மாணவர்களுக்கும் கண்ணில் படும்படியான அடையாளங்களை 2004-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பொட்டு வைக்கலாமா என்பதைத் தலைமையாசிரியரிடம் நேராகக் கேட்டுவிடலாம். இது தனக்கு ஒத்துவருமா என்பதை அவளே யோசித்து முடிவெடுக்கவேண்டும், ஒத்துவராது என்றால் அதையும் மதிக்கவேண்டும்.

தயாராக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அது நல்லது. பிரெஞ்சு பி1 நிலைக்கு, அதாவது அன்றாடப் பேச்சைத் தானே சமாளிக்கும் நடுத்தர நிலைக்கு, வரவேண்டும். அதற்கான டெல்ஃப் தேர்வைப் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தரும் நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸில் எழுதலாம். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தலா 25 மார்க், மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. ஒருமுறை வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகாது. அதோடு வாரம் இரண்டு மணி நேரம் பக்கத்து அரசுப் பள்ளியில் அனுமதி வாங்கி ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கட்டும், ஒரு தமிழ்ச் சொல்கூடக் கலக்காமல். பஸ் டிக்கெட், பொங்கல் கோலம், கடைத்தெருப் படம் என்று கையில் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பிள்ளைகளைப் பேசவைக்கத் தெரிந்துவிட்டால் அங்கே முதல் வாரம் பயமே இருக்காது. உச்சரிப்பை அமெரிக்கா மாதிரி மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது பாடம் எடுத்தால் கேட்கவேண்டாம், தெளிவாகப் பேசினால் போதும். இன்னொன்று, இப்போதே ஒரு மாதம் வேறு ஊரில் உங்கள் சொந்தம் அல்லாத ஒரு வீட்டில், தோழி வீடாக இருந்தாலும் சரி, தங்கவிடுங்கள். தன் துணியைத் தானே துவைத்து, அடுத்தவர் நேரத்துக்குக் குளித்துச் சாப்பிட்டுப் பழகட்டும்.

செலவு. விமான டிக்கெட் நம் கைக்காசு. முதல் சம்பளம் வந்து சேரத் தாமதமாகலாம், அதனால் டிக்கெட், விசா, முதல் இரண்டு மாதச் செலவு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் கையில் இருக்கவேண்டும். இதற்குக் கடன் வாங்காதீர்கள், ஒன்றரை வருடம் இருக்கிறது, சேர்க்கலாம். இந்தப் பணத்தில் ஒரு பகுதி, அந்த வீடு சரிவரவில்லை என்றால் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவதற்கு. அதை அவளிடம் சொல்லியே கொடுங்கள், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை, பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடு என்று. அப்படிக் கிளம்பத் தெரிந்த பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு நம்மால் இங்கிருந்து கொடுக்கமுடியாது.

அன்று அப்பா ஒரு ஏஜென்ட் பற்றியும் சொன்னார், ஒரு லட்சம் கட்டினால் குடும்பத்தோடு தங்கும் டீச்சர் வேலை உறுதி என்றானாம். வேண்டாம் சார். இந்தத் திட்டத்துக்கு எந்த ஏஜென்டும் தேவையில்லை. பதிவுபெற்ற ஏஜென்டே வெளிநாட்டு வேலைக்குச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். அந்த ஆள் சொன்னதைக் கேட்டால் எனக்கு அது ஓ-பேர் ஏற்பாடு மாதிரித் தெரிகிறது. ஒரு வீட்டில் தங்கி அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு கைச்செலவுக்குப் பணம் வாங்குவது. பிரான்சில் அது சட்டப்படியானதுதான், வாரம் 25 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று வரம்பும் உண்டு, ஆனால் அது ஆசிரியர் வேலை இல்லை. சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கொழுந்தனாருக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டாம், மகளே அவரிடம் போனில் பேசட்டும், முடிந்தால் பிரெஞ்சிலேயே. டெல்ஃப் அடுத்து எப்போது என்று புதுச்சேரியில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது முதல் அரை மணி நேரம் அவள் தனியாக என்னோடு பேசட்டும், நீங்கள் இருவரும் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.