சிப்பிச் சுண்ணாம்பு கெமிக்கலா? வேதியியல் கேள்வி பதில்

பருப்பொருள், அணு, சேர்மம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கேட்க விட்டுப்போனதை எல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பரீட்சைக்கு விடை எழுதித் தரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கருங்கல் வாசகர்: கலவைக்கும் சேர்மத்துக்கும் என்ன வேறுபாடு சார்?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வெள்ளையாக மின்னுவது குவார்ட்ஸ், சிவப்பு கார்னெட், கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட். இடையிடையே மஞ்சள் பழுப்பாக மோனசைட்டும் கிடக்கும். இது கலவை. குவார்ட்ஸ் ஒரு கன செ.மீ.க்கு 2.65 கிராம்தான், இல்மனைட் சுமார் 4.7, மோனசைட் சுமார் 5. அதனால்தான் அலை லேசானதை அடித்துக்கொண்டு போய், கனத்ததைக் கரையில் விட்டுவிடுகிறது. ஆலையிலும் கனத்தையும் காந்தத்தையும் மின்சாரத்தையும் வைத்தே பிரிக்கிறார்கள்.

இப்போது ஒரே ஒரு இல்மனைட் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் என்ற மூன்று தனிமங்களும் இருக்கின்றன. எவ்வளவு பெரிய காந்தத்தைக் கொண்டுவந்தாலும் இரும்பை மட்டும் தனியே இழுக்க முடியாது. வேதிவினை நடந்தால்தான் பிரியும். அதுதான் சேர்மம்.

குளச்சல் வாசகர்: மோனசைட்டில் தோரியம் இருக்கிறதாமே, அதனால் நோய் வருமா?

தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பது உண்மை. தோரியம்-232 பாதியாகச் சிதைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். நோய் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றியதும் உறைகிறதே, ரப்பர் வேறு பொருளாக மாறிவிடுகிறதா?

நல்ல கேள்வி. ரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள். துகளைச் சுற்றியுள்ள புரத உறையில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டிலிருந்து வரும், நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைத் தீர்த்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறு அப்படியேதான் இருக்கிறது. பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும் இதே கணக்குத்தான், எதிர்ப்பக்கமாக.

கேட்டதால் சொல்கிறேன்: ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். நிறமே கிடையாது, பார்த்தால் வெறும் தண்ணீர். ஷீட்டு அடிக்கும் வீடுகளில் பிள்ளைகள் உண்டு.

நாகர்கோவில் மாணவர்: தனிமம், சேர்மம், கலவை வேறுபாடு, ஐந்து குறிப்புகள்.

முதல் பதிலைப் படியுங்கள் மக்களே.

சாமித்தோப்பு வாசகர்: உப்பளத்து உப்பின் மூலக்கூறு எப்படி இருக்கும்?

உப்புக்கு மூலக்கூறு கிடையாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கிய படிகம் அது. இந்தச் சோடியத்துக்குச் சொந்தம் இந்தக் குளோரைடு என்று எதையும் காட்ட முடியாது.

இராஜாக்கமங்கலம் வாசகர்: நாங்கள் விற்பது கெமிக்கலே இல்லாத கருப்பட்டி. சீனியில் எத்தனை கெமிக்கல் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள் சார்.

அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு பூசுகிறீர்களா, இல்லையா? பூசாவிட்டால் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. நுரைக்க வைக்கும் ஈஸ்ட்டை அடக்குவது மட்டும் அதன் வேலை இல்லை. அக்கானி புளித்தால் அமிலம் அதிலுள்ள சுக்ரோஸைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் ஊற்றியது இறுகாமல் பிசுபிசுக்கும். ஆக, நீங்கள் கெமிக்கல் என்று வெறுக்கும் சங்கதிதான் உங்கள் கருப்பட்டியைக் கருப்பட்டியாக வைத்திருக்கிறது.

தக்கலை வாசகர்: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சிப்பிச் சுண்ணாம்பு கடல் கொடுப்பது. அதுவும் கல்சுண்ணாம்பும் ஒன்றா? எங்கள் தாத்தா சிப்பிச் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

கணக்குப் போடுவோம். சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் 100 கிராமைச் சூளையில் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும்; மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அது 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். சுண்ணாம்புக்கல்லில் தொடங்கினாலும் இதே 100, 56, 74. ஒரு கிராம் கூடாது, குறையாது. பிரான்சின் வேதியியலாளர் பிரூஸ்ட் 1799-இல் காட்டியதும் இதைத்தான்: மண்ணில் கிடைத்த செம்புக் கார்பனேட்டிலும் ஆய்வகத்தில் செய்ததிலும் தனிமங்களின் விகிதம் ஒன்றே. விகிதம் மாறலாம் என்று பெர்த்தோலே என்ற இன்னொரு வேதியியலாளர் பல ஆண்டுகள் அவரோடு மல்லுக்கட்டினார். நீங்கள் இருநூறு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் தாத்தா சொன்னதிலும் நியாயம் உண்டு. கல்லில் களிமண்ணும் மணலும் மெக்னீசியமும் கலந்திருக்கலாம். நல்ல சிப்பியில் அது குறைவு. ஆனால் அது கூட வந்த அழுக்கின் கதை. சேர்மம் ஒன்றுதான்.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வீட்டில் பிள்ளைகள் உண்டு என்று ஆசிட்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மார்த்தாண்டம் வாசகர்: அப்படியானால் சீனியும் கருப்பட்டியும் ஒன்று என்கிறீர்கள்!

நான் எங்கே சொன்னேன்? சுக்ரோஸ் ஒன்று என்றால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கருப்பட்டி கலவை. தாது உப்புகளும், காய்ச்சும்போது உண்டான நிறமும் மணமும் அதில் உண்டு. எனக்கும் காப்பிக்குக் கருப்பட்டிதான் பிடிக்கும். சர்க்கரை நோய்க்காரர்கள் அதை மருந்து என்று நினைத்துக் கடிக்க வேண்டாம், அவ்வளவே.

தக்கலை வாசகர் (மறுபடியும்): கடல் கொடுத்தது கெமிக்கல் ஆகாது.

கடல்நீரே கெமிக்கல்தான் அண்ணாச்சி. இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன்.

அருமனை வாசகர்: அணுவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியாது. 1981-இல் வந்த ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் ஊசிமுனையைத் தொடாமல் மிக நெருக்கமாக நகர்த்திப் படம் வரைந்து காட்டும்.

பத்தாம் வகுப்பு மாணவி: தனிமத்துக்கும் சேர்மத்துக்கும்...

முதல் பதில். முதல் பதில்.

திருவட்டார் வாசகர்: வீட்டில் ரப்பர் ஆசிட் இருக்கிறது. சிப்பி மேல் ஊற்றினால் என்ன ஆகும்?

கார்பன் டை ஆக்சைடு பொங்கி வரும், கால்சியம் ஃபார்மேட் கரைசல் மிஞ்சும். அதே குமிழி கடையில் வாங்கும் வினிகரிலும் வரும், கொஞ்சம் மெதுவாக. வினிகரை ஊற்றிப் பாருங்கள். அந்த ஆசிட் எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்பதையும் இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.