கடைமடையில் ஒரு பாலை வட்டம்: மின்ச்சின் பற்றிய கேள்வி பதில்

வடமேற்குச் சீனாவின் கான்சூ மாகாணத்தில், தெங்கர், பதைன் ஜரான் என்ற இரு பாலைவனங்களுக்கு நடுவே கிடக்கிறது மின்ச்சின் வட்டம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். என் துறை நீர் வரலாறு. ஆகவே தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு நீண்ட பதிலும், மற்றவர்களுக்குச் சுருக்கமான பதிலும் கிடைக்கும்.

கல்லூரி மாணவி: இவ்வளவு வறண்ட இடத்தில் மனிதர்கள் எதற்காகக் குடியேறினார்கள், ஐயா?

மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஆண்டு மழை ஏறக்குறைய 110 மில்லிமீட்டர்தான். ஆற்றைப் பாருங்கள். தெற்கே சீலியன் மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் ஷியாங் ஆறாகத் திரண்டு, வூவெய் சமவெளியைக் கடந்து, மின்ச்சினில் வந்து முடிகின்றன. அது கடலைச் சேராத ஆறு. அந்த நீர் கடைசியில் தேங்கிய இடத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. பழைய சீன நூல்கள் அதை ஜூயே என்கின்றன.

ஏரிக்கரையில் புல் இருந்தது, புல்லைத் தேடி மந்தைகள் வந்தன. 1924இல் சுவீடன் ஆய்வாளர் யோஹான் குன்னார் ஆண்டர்சன் இங்குள்ள ஷாஜிங்கில் அகழ்ந்தபோது, கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் வெண்கலக் கருவிகளோடு வாழ்ந்த மக்களின் தடயங்கள் கிடைத்தன. கி.மு. 121இல் ஹான் பேரரசின் தளபதி ஹுவோ சூபிங் ஷியோங்னு என்ற வடபுல நாடோடி மக்களைத் தோற்கடித்த பிறகு, இந்தப் பகுதிக்கு உழவர்களும் காவற்படைகளும் வந்தார்கள். மிங் ஆட்சியில் ஜென்ஃபான் என்ற காவல் நிலை அமைந்தது. 1724இல் சிங் அரசு அதை வட்டமாக்கியது. 1730களில் பழைய ஏரிப்படுகையின் ஒரு பகுதியான லியூலின்ஹூவில் அரசே ஆட்களைக் கொண்டுவந்து உழவு தொடங்கியது. மின்ச்சின் என்ற பெயர் 1928இல் வந்தது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றின் வாலில் ஆட்கள் பெருகிய அதே காலத்தில், தலைமாட்டில் இருந்த வூவெய் பகுதியிலும் ஆட்கள் பெருகினார்கள். மேலே ஒரு மடை கூடுதலாகத் திறந்தால் கீழே ஒரு வயல் காய்ந்தது. சிங் காலத்தில் இரு பக்கத்து உழவர்களும் நீருக்காக வழக்காடி, தீர்ப்பைக் கல்லில் வெட்டி நட்டார்கள். இன்றைய மின்ச்சின் சிக்கல் முழுவதும் அந்தக் கற்களிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

வரலாற்று ஆசிரியர்: ஹான் தூதர் சூ வூ 19 ஆண்டுகள் ஆடு மேய்த்த இடம் மின்ச்சின்தானா?

அங்கே சூ வூ பெயரில் ஒரு குன்று உண்டு. ஊர்மக்கள் அந்த மரபை உரிமையோடு போற்றுகிறார்கள். ஆனால் ஷியோங்னுக்கள் சூ வூவைப் பிடித்து ஆடு மேய்க்க அனுப்பிய இடமாகப் பழைய வரலாறு சொல்லும் ‘வடகடல்’ பைக்கால் ஏரி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நானும் அவர்கள் பக்கமே.

சுற்றுச்சூழல் ஆர்வலர்: இரண்டு பாலைவனங்களும் சேர்ந்து மின்ச்சினை விழுங்குகின்றனவாமே?

பாலைவனம் தானாக நகர்ந்து வந்து ஊரைக் கெடுத்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். முதலில் தண்ணீர் போனது, பிறகுதான் மணல் வந்தது.

1950களில் ஷியாங் ஆறு மின்ச்சினுக்கு ஆண்டுதோறும் 50 கோடி கன மீட்டருக்கு மேல் நீர் கொடுத்தது. 2000களின் தொடக்கத்தில் அது சுமார் 10 கோடியாகச் சுருங்கியது. மேல்பகுதியில் அணைகளும் பாசனமும் பெருகியதே முதன்மைக் காரணம். 1958இல் மின்ச்சினிலேயே ஹோங்யாஷான் நீர்த்தேக்கம் கட்டத் தொடங்கினார்கள். 1959இல் ஆற்றின் முடிவில் இருந்த சிங்து ஏரி வற்றிவிட்டது. ஆறு தராத நீரை உழவர்கள் ஆழ்குழாய்க் கிணறுகளால் இறைத்தார்கள். நிலத்தடி நீர் இறங்கியது, வடக்கே உப்பேறியது. மணலைப் பிடித்து வைத்திருந்த மணல் இலந்தை போன்ற மரங்கள் வேரெட்டாமல் கூட்டமாகப் பட்டுப்போயின. ஏரிப் பகுதிக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் சின்ஜியாங்குக்கும் உள் மங்கோலியாவுக்கும் பெயர்ந்தன.

பயணம் போக விரும்புபவர்: 500 மீட்டர் உயர மணற்குன்று மின்ச்சினில் எந்தப் பக்கம்?

மின்ச்சினில் இல்லை. அது பதைன் ஜரானின் உட்பகுதியில், உள் மங்கோலியாவின் அல்ஷா பகுதியில் இருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்ததும் அதுவே. மின்ச்சினுக்குப் போனால் 1938இல் கட்டப்பட்ட ருய்ஆன் கோட்டைவீட்டைப் பாருங்கள். விசா பற்றித் தூதரகத்தில் கேளுங்கள்.

இன்னொரு வாசகர்: பாலைவனம் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் முன்னேறுகிறது?

மேலே சுற்றுச்சூழல் ஆர்வலருக்குச் சொன்னதைப் படியுங்கள். மீட்டர் கணக்கைக் கேட்பதை விட, ஆற்றில் எத்தனை கன மீட்டர் வருகிறது என்று கேளுங்கள்.

நீர்ப்பாசனப் பொறியாளர்: 2010 முதல் சிங்து ஏரிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஆண்டுக்கு 2,600 மில்லிமீட்டர் ஆவியாகும் இடத்தில் இது வீண் இல்லையா? உழவனின் கிணற்றை மூடிவிட்டு மணலில் நீரை ஊற்றுவது என்ன நியாயம்?

கடுமையான கேள்வி, கேட்கத்தக்க கேள்வியும்கூட. முதலில் எண்ணைச் சரிசெய்வோம். 2,600 என்பது வானிலை நிலையத்தில் சிறு வட்டிலில் வைத்த நீர் ஆவியாகும் அளவு. வட்டில் எல்லாப் பக்கமும் சூடேறும். திறந்த ஏரியில் அதன் பாதியளவுதான் போகும். மழையை 110 என்றும் ஆவியாதலை 2,600 என்றும் எதிரெதிரே வைத்து எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

அதே பொறியாளர்: பாதி என்றே வைப்போம். ஏரிப் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். 1.2 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர். ஆண்டுதோறும் விடும் நீரும் சுமார் 3 கோடிதான். எல்லாம் காற்றோடு போகிறது என்றுதானே பொருள்?

பெருக்கல் சரி, ஆண்டு முழுவதும் 26 சதுர கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டது சரியில்லை. நீர் பெரும்பாலும் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் விடப்படுகிறது. பரப்பு உச்சத்தை எட்டும்போது குளிர் தொடங்கிவிடும். வெயில் கொளுத்தும் மாதங்களில் ஏரி சுருங்கியிருக்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. ஏரியைச் சுற்றி நான்கு மீட்டர் ஆழத்தில் இருந்த நிலத்தடி நீர் மூன்று மீட்டருக்குள் ஏறியது அதனால்தான். நாணல் மீண்டும் வளர்ந்து மணலைப் பிடித்திருக்கிறது. பெரும்பகுதி நீர் ஆவியாகவும் நாணலின் இலை வழியாகவும்தான் போகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விலை கொடுக்கத் தக்கது என்கிறேன்.

மற்றொரு வாசகர், பொறியாளருக்கு ஆதரவாக: அந்த விலையைக் கொடுப்பவர் கிணற்றை இழந்த உழவர், நீங்கள் அல்ல.

உண்மை. 2007இல் ஒப்புதல் பெற்ற ஷியாங் படுகைத் திட்டம் மின்ச்சினின் நிலத்தடி நீர் எடுப்பை 51.7 கோடியிலிருந்து 8.9 கோடி கன மீட்டராகக் குறைக்க இலக்கு வைத்தது. 3,000க்கும் மேற்பட்ட கிணறுகள் மூடப்பட்டன. மிச்சக் கிணறுகளில் ஒதுக்கிய நீரளவு பதிந்த மின்னணு அட்டையைச் செருகினால்தான் நீர் வரும். அந்தச் சுமை கடைமடை உழவர்கள் மேல் கனமாகவே விழுந்தது. ஆனால் ஏரியை நிறுத்தினால் அந்த நீர் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று ஏன் நம்புகிறீர்கள்? நூற்றாண்டுகளாக, கீழே கேட்க ஆளில்லாத நீரெல்லாம் மேலேயே நின்றிருக்கிறது. ஆற்றின் கடைசிப் புள்ளிக்கு நீர் வர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் வழியில் உள்ள ஒவ்வொரு மடையும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். வூவெய்க்கும் மின்ச்சினுக்கும் இடையே சாய்ச்சி என்ற இடத்தில் ஓட்டத்தை அளக்கிறார்கள். 2010க்குள் அங்கே 25 கோடி கன மீட்டர் என்ற இலக்கு எட்டப்பட்டது. ஏரியை ஆதரிப்பதற்கு எனக்கு உள்ள முதன்மைக் காரணம் இதுவே.

மரம் நடும் குழு உறுப்பினர்: சாக்சவுல் மரங்களை நட்டால் போதாதா?

சாக்சவுல் என்ற பாலைவனப் புதர்மரம் மணலைப் பிடிக்கும். களிமண் வரப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவே அதை நட்டு லாவோஹூகோ போன்ற, காற்று மணலோடு புகும் வாய்களை மின்ச்சின் மக்கள் அடைத்தது பெரிய உழைப்பு. ஆனால் அதுவும் நீர் குடிக்கும் மரம். முந்தைய தலைமுறையில் நெருக்கமாக நட்ட தோப்புகள் நிலத்தடி நீர் இறங்கியதும் நலிந்தன. இடைவெளி விட்டு நடுங்கள். நட்ட எண்ணிக்கையைப் பாராட்டாமல், பத்தாண்டு கழித்து உயிரோடு இருப்பதை எண்ணுங்கள்.

பள்ளி மாணவர்: 1993 புழுதிப் புயலை மின்ச்சினும் பார்த்ததா?

பார்த்தது. மே 5 அன்று வீசிய அந்தக் கரும்புயல் கான்சூவிலும் அண்டைப் பகுதிகளிலும் 85 உயிர்களைப் பறித்தது. பலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள்.

மற்றுமொருவர்: பாலைவனம் நகர்வதை எப்படி நிறுத்துவது?

ஆற்றில் நீர் விடுங்கள். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

சமையல் ஆர்வலர்: மின்ச்சின் முலாம்பழம் ஏன் அவ்வளவு இனிப்பு?

பகலில் கொளுத்தும் வெயிலில் இலை சர்க்கரையை உண்டாக்குகிறது. குளிர்ந்த இரவில் பழம் அதைக் குறைவாகவே செலவிடுகிறது.

பொறியாளர், மீண்டும்: சாய்ச்சி அளவை வைத்து மின்ச்சின் தப்பிவிட்டது என்று சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். மஞ்சள் நதியிலிருந்து இறைத்துக் கொண்டுவரும் நீரும் மின்ச்சினுக்கு உதவுகிறது. அது இன்னொரு படுகையிலிருந்து வாங்கிய கடன். ஏரிப் பகுதியின் நிலத்தடி நீரில் ஏறிய உப்பு எளிதில் இறங்காது, போன குடும்பங்களில் பெரும்பாலானவை திரும்பவும் இல்லை. அடுத்த முறை கணக்குப் போடும்போது மேல்பகுதி வயல்களின் பரப்பையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கணக்கோடு வந்தால் விவாதத்தைத் தொடரலாம்.