உப்பு எந்தத் துறையைச் சேர்ந்தது?

அன்புள்ள ஐயா,

நான் சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் வருடம். திருப்பூர் சாயக்கழிவு நீரை ஆர்.ஓ.வில் (உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வு வடிகட்டியில்) வடித்த பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்பது என் தலைப்பு. மாதிரி எடுக்க நொய்யல் கரைக்குப் போனபோது ஒரு விவசாயி, "ஆத்துல உடறத நிறுத்திப்போட்டாங்கன்னு சொல்றாங்களே அம்மணி, எங்க கெணறு எப்ப நல்லாகும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிணறுகள், பயிர் மாற்றம், கடன், நிலத்தை விற்றவர்கள் எல்லாவற்றையும் வைத்து ஓர் அத்தியாயம் சேர்க்கலாம் என்று டாக்டரல் கமிட்டியில் சொன்னேன். "இது இன்ஜினியரிங் தீசிஸ். அதையெல்லாம் சோஷியாலஜிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். சமூகவியல் படிக்கும் என் தோழியோ, கோட்பாடு இல்லாமல் நாலு பேட்டி எடுத்தால் அது ஆய்வு ஆகாது என்கிறாள். 2020 கல்விக் கொள்கையிலிருந்து எங்கள் பட்டமளிப்பு விழா உரை வரை 'பல்துறை ஆய்வு' என்று பேசாதவர்கள் இல்லை. உண்மையில் அதற்கு இங்கே இடம் இருக்கிறதா? அந்த அத்தியாயத்தை விட்டுவிடட்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

விட வேண்டாம். ஆனால் கடைசியில் சேர்த்து ஒட்டும் அத்தியாயமாகவும் வைக்க வேண்டாம். அந்த விவசாயியின் கேள்வியால் நீங்கள் அளக்கும் ஏதாவது ஒன்று மாற வேண்டும். எங்கே அளக்கிறீர்கள், எப்போது அளக்கிறீர்கள், எதை மிச்சம் என்று ஒதுக்குகிறீர்கள், இவற்றில் ஒன்றாவது. எதுவுமே மாறவில்லை என்றால் உங்கள் கமிட்டி சொன்னது சரி என்றுதான் நானும் சொல்வேன்.

நம் நாட்டிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி மின்வேதியியல் பேராசிரியர். அந்தத் துறையில் உலகம் முழுக்கப் படித்த பாடநூலை ஜான் போக்ரிஸ் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1970இல் எழுதியவர். அவர்தான் 1974இல் அதே வளாகத்தில் கிராமப்புறங்களுக்கான அறிவியல் தொழில்நுட்பத்துக்கென்று 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார். கர்நாடகத்தில் குனிகல் பக்கம் புரா என்ற சின்ன ஊர். அந்த ஊரில் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். மின்சாரத்தையும் மண்ணெண்ணெயையும் மட்டும் எழுதிக்கொண்டு திரும்பவில்லை. யார் விறகு பொறுக்குகிறார்கள், எத்தனை மணி நேரம் நடக்கிறார்கள், தண்ணீர் சுமப்பது யார், மாடு மேய்ப்பது யார் என்பதையும் எழுதினார்கள். மனித உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது, குழந்தைகளின் பங்கும் சின்னதல்ல என்று தெரிந்தது. மனித உழைப்பையும் மாடுகளையும் தவிர்த்துப் பார்த்தால், அந்த ஊரின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு விறகு.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. சாண எரிவாயுவைச் சமையலுக்குக் கொடுப்பதுதான் முதல் திட்டம். புகையில்லாத அடுப்பு, விறகு மிச்சம், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஊரில் இருந்த சாணம் எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை. அதோடு விறகு காசு கொடுத்து வாங்கும் பொருளாகவும் இல்லை. ஊருக்கு அவசரமாக வேண்டியிருந்தது குடிதண்ணீர். அதனால் இயந்திரமே மாறியது. 1987இல் அந்த வாயுவைக் கொண்டு ஒரு இன்ஜினை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள், விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்கு எடை போட்டுக் காசு கொடுத்தார்கள். செரித்த சாணக் குழம்பு எருவாக அவர்களுக்கே திரும்பிப் போனது. நிலையத்தை ஓட்டியது ஊர்ப் பையன்கள்.

கவனித்துப் பாருங்கள், அங்கே 'சமூகவியல் அத்தியாயம்' என்று தனியாக ஒன்று இல்லை. ஊர் மக்கள் சொன்னதால் வாயு அடுப்புக்குப் போகாமல் இன்ஜினுக்குப் போனது. கொடுக்கல் வாங்கல் ஏற்பாட்டைச் சரியாக யோசித்ததால் தினமும் சாணம் வந்தது. சாணம் வந்ததால் இன்ஜின் ஓடியது. இதில் எது பொறியியல், எது சமூகக் கொள்கை என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா?

சரி, உங்கள் உப்புக்கு வருவோம். வேதியியல் உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் சாயம்) ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் நூலிழையும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மையோடு ஒன்றையொன்று தள்ளும். உப்புதான் அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழைக்கு அனுப்புகிறது. அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம், 100 கிராம் வரைகூடப் போகும். கழிவுநீரில் பாக்டீரியா விட்டால் அழுக்கு குறையும், உப்பு அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தெளிந்த நீராக இருந்தாலும் வயலுக்கு ஆகாது. அந்த நீர் நொய்யலில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை கழிவுநீர்த் தொட்டியானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை வந்தால்தான் பட்டறையைத் திறக்கலாம் என்ற நிலை. ஆர்.ஓ., அதில் மிஞ்சுவதைக் காய்ச்ச ஆவியாக்கி, அதற்கு விறகும் மின்சாரமும், கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில்.

இந்தக் கலப்பு உப்புதான் உங்கள் தலைப்பு. ஆய்வகத்திலிருந்து பார்த்தால், அதிலிருந்து சோடியம் சல்பேட்டை (சாயமேற்றப் பயன்படும் உப்பு) எத்தனை சதவீதம் தூய்மையாகப் பிரிக்கலாம் என்பது கேள்வி. அந்த விவசாயியின் கிணற்றடியிலிருந்து பார்த்தால் கேள்விகள் வேறு. புதிய உப்பு வருவது நின்றுவிட்டது என்றால், மண்ணிலும் நிலத்தடியிலும் ஏற்கெனவே இறங்கிய உப்பு எந்த வேகத்தில் கழுவப்படுகிறது? கிடங்கில் அடுக்கிய மூட்டைகள் மழையில் கரைந்தால் எந்தக் கிணற்றுக்குப் போகும்? சிறிய பட்டறைக்காரர் ஆவியாக்கிக்கு ஆகும் செலவைத் தாங்காமல் ராத்திரியில் திறந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கும் வழி என்ன? மூன்றும் அளவையால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். மூன்றுமே உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே பிறந்தவை.

அதனால் நாலு பேட்டி வேண்டாம். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஆற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நன்றாகத் தள்ளி என்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு கிணற்றுக்காரரிடமும் எந்த வருடம் எந்தப் பயிரை விட்டார் என்று கேளுங்கள். வெங்காயமும் பீன்ஸும் உப்பைத் தாங்காது, தென்னை ஓரளவு தாங்கும். ஆகவே பயிரை விட்ட வரிசையே அந்தக் கிணற்றின் பழைய உப்புக் கணக்கு, உங்கள் மீட்டர் பிறப்பதற்கு முந்தைய கணக்கு. விவசாயி சொல்வது அனுபவக் கதை, நாம் அளப்பது தரவு என்று பிரித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் ஆய்வுக்கே நஷ்டம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புகள், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. உங்கள் அளவுகளை அந்தக் கணக்கோடு சேர்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதி அந்தந்த வீட்டுக்குக் கொடுங்கள். கிணற்றுக்காரரின் சம்மதம் இல்லாமல் எந்தச் சர்வே எண்ணையும் தீசிஸில் போடாதீர்கள். கிணறு கெட்டது என்று அச்சில் வந்தால் நிலத்தின் விலை விழும்.

உங்கள் தோழி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. யார் கிணறு கெட்டது என்பது ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்பதோடு முடியாது. ஆழமாகப் போர் போட யாரிடம் பணம் இருந்தது, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் ஏறியது, குத்தகைக்கு உழுதவருக்கு ஏதாவது கிடைத்ததா? வேலூர் தோல் பதனிடும் பட்டறைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பின்படிதான் சூழல் இழப்புக்கு நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. அந்தக் கணக்கில் பட்டா உள்ளவர் எளிதாகத் தெரிவார், கூலிக்காரர் தெரியமாட்டார். இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவர் உங்கள் தோழிதான். அவரைக் கூடவே அழைத்துப் போங்கள், கேள்வித்தாள் நிரப்புவதற்கு அல்ல, எந்தக் கிணறு என்று முடிவு செய்யும்போதே.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பல்துறைத் திட்டம் என்று நான்கு துறைகளின் கையெழுத்து வாங்கிப் பணம் வாங்குகிறார்கள். கருவி வாங்கி, ஆய்வுக் கட்டுரை போட்டு, கடைசி ஆறு மாதத்தில் சமூகப்பணித் துறையைக் கூப்பிட்டு 'விழிப்புணர்வு முகாம்' நடத்தச் சொல்கிறார்கள். 2020-21 கணக்குப்படி ஆய்வுக்கு நாடு செலவிட்டதே மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். 2023இல் வந்த தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் சட்டம், இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களையும் சமூக அறிவியல் துறைகளையும் அறிவியலும் தொழில்நுட்பமும் தொடும் இடங்களில் மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்து வர வேண்டும். நொய்யல் கரைக் கிணற்றுக்குத் தனியார் எதற்காகப் பணம் போடுவார்கள்? அது பல்கலைக்கழகங்கள் பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் கமிட்டியை எதிரியாக நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உங்களைத் திணறடிப்பார் என்பதே அவர்களுடைய பயமாக இருக்கலாம். அப்புறம் பட்டம் தள்ளிப்போகும், உதவித்தொகை நின்றுபோகும். பல்கலைக்கழக உதவித்தொகை மாதம் 8,000 ரூபாயில் காலம் தள்ளும் ஸ்காலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே 'சமூக அத்தியாயம்' என்று கேட்காதீர்கள். 'கலப்பு உப்புக் கிடங்கைச் சுற்றிய நிலத்தடி நீர்: மழைக்கு முன்பும் பின்பும்' என்று கேளுங்கள். அது சுத்தமான பொறியியல். பயிர்க் கணக்கும் நிவாரணக் கணக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். சமூகவியல் துறையிலிருந்து ஒருவரை இணை நெறியாளராகப் போட உங்கள் பல்கலைக்கழக விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் உங்கள் கைடு மூலமாகவே கடிதம் போகட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிவிடும். மழைக்கு முந்தைய அளவுகள் கையில் இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது, இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். கமிட்டி ஒப்புதல் வரும்போது வரட்டும், செப்டம்பருக்குள் முதல் சுற்றுக் கிணறுகளை அளந்துவிடுங்கள்.