சின்னத் தொட்டி, சுறுசுறு மீன்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். பிள்ளைகள் ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள்: தங்கமீன் இரண்டு, ஏஞ்சல் ஒன்று, சக்கர் ஒன்று, கப்பி நான்கு, ஃபைட்டர் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக விடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினாலும் சுமார் 57 லிட்டர்தான். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் சக்கர் வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தங்கமீன் ஓயாமல் தின்று ஓயாமல் கழியும். இந்தத் தண்ணீர் அதற்குக் காணாது. ஏஞ்சல் பெரிதானதும் கப்பிகளை விழுங்கும். கப்பியின் விசிறி வாலைப் பார்த்தால் ஃபைட்டர் அதை எதிரி ஆண் என்று நினைத்துக் கடிக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கூட்டமாக வாழும் மீனைத் தனியாக விட்டால் அது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், இல்லையென்றால் மற்றதைத் துரத்தும். அதே மீனை ஆறு, எட்டு என்று விட்டால்தான் அதன் சுபாவம் வெளிப்படும், பார்க்கவும் ரசிக்கவும் முடியும். ஆகவே வகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

உங்கள் தொட்டிக்கு எங்கள் தேர்வு: எட்டு ஜீப்ரா டேனியோ, ஆறு கோரிடோராஸ். டேனியோ மேல்தண்ணீரிலும் நடுத்தண்ணீரிலும் ஓடும். ஒன்றையொன்று துரத்தினாலும் பெரும்பாலும் அடிபடாது. கோரிடோராஸ் தரையில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே திரியும். திடீரென்று ஒன்று அம்புபோல் மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அது நோயல்ல, விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் உயிர்வளி எடுக்கும் மீன் அது. ஆனால் எல்லாமே அடிக்கடி மேலே போனால் தண்ணீரைக் கவனியுங்கள். இரண்டு இனத்துக்கும் 24 டிகிரி ஒத்துவரும்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். டேனியோ துள்ளி வெளியே விழும், மூடி கட்டாயம். கூர்மையான கல் கோரிடோராஸின் மீசையைத் தேய்த்துவிடும், நைசான மணல் போடுங்கள். மிதக்கும் தீனியை டேனியோக்களே தின்று தீர்த்துவிடும் என்பதால், விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் மாத்திரைத் தீனி போடுங்கள்.

கேள்வி: தொட்டியை நிரப்பிய மறுநாளே மீன் விட்டோம். நான்காம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டரையும் குழாயில் நன்றாகக் கழுவுகிறோம். அப்படியும் இரண்டு செத்துவிட்டன.

பதில்: அந்தக் கழுவலை முதலில் நிறுத்துங்கள். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும், நீங்களும் தினம் புதிதாகத் தொடங்குவதாகிவிடும். அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் ரத்தம் உயிர்வளி சுமப்பதைத் தடுக்கும். மீன்கள் மேலே வந்து திணறுவது இதனால்தான். பால்போன்ற கலங்கல் பாக்டீரியா பெருக்கம், தானாகத் தெளியும்.

இப்போது தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவு கலந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றவேண்டும். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அந்தப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பது குறையும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் கூடாது. பிறகு வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: மேசையில் 20 லிட்டர் தொட்டிக்குத்தான் இடம் உண்டு. என்ன வளர்க்கலாம்?

பதில்: ஃபைட்டர் ஒன்றே ஒன்று. சில நாளிலேயே தீனி போடும் கையைக் கண்டுகொண்டு கண்ணாடியோரம் வந்து ஆடும். ஆண், மேற்பரப்பில் எச்சிலால் நுரைக்கூடு கட்டும். காற்றைச் சுவாசிக்கும் மீன்தானே என்று ஃபில்டர் இல்லாத கிண்ணத்தில் விடுகிறார்கள். அம்மோனியா இதன் செவுளையும் அரிக்கும். நீரோட்டம் வேகமானால் நீளத் துடுப்பால் எதிர்த்து நீந்தமுடியாது. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதமாக இருக்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. முரட்டு பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும்; அனுபியாஸ் போன்ற அகன்ற இலைச்செடி இருந்தால் அதன்மேல் படுத்து ஓய்வெடுக்கும். அந்தச் செடியின் தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கல்லில் கட்டிவிடுங்கள். தீனி காலையும் மாலையும் மூன்று நான்கு உருண்டை. வயிறு உப்பி மீன் சாய்ந்து நீந்தினால் ஓரிரு நாள் பட்டினி போடுங்கள்.

கேள்வி: நான்கு கப்பி வாங்கினோம். இப்போது எண்ணவே முடியவில்லை. ஆண்களைப் பிரித்த பிறகும் குட்டி வருகிறதே?

பதில்: பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைத்து, ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆகவே பெண்களை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டு ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறமும் பெரிய வாலும் அவற்றுக்குத்தான். எக்காரணம் கொண்டும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அங்கே பெருகினால் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பறித்துவிடும்.

கேள்வி: சக்கர் வேண்டாம் என்றால் கண்ணாடியில் படியும் பாசியை எது தின்னும்?

பதில்: வளர்ந்த சக்கரும் பாசியை அவ்வளவாகத் தின்னாது. ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள், விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியட்டும், தீனியைக் குறையுங்கள். மிஞ்சிய பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு போதும். கல்லிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும். உப்பில்லாத தண்ணீரில் அது குஞ்சாகாது என்பதால் பெருகிவிடுமோ என்ற கவலை இல்லை, வேண்டுமானால் சுரண்டி எடுத்துவிடலாம்.