சிவப்பு ஒளி சிகிச்சை காது இரைச்சலைக் குறைக்குமா?

காது இரைச்சலுக்குச் சிவப்பு ஒளிக் கருவி வாங்கலாமா, யாருக்காவது பலன் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஒரு ஈ.என்.டி. டாக்டரைப் பார்த்து, "இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு வெளியே வந்திருப்பீர்கள். வீடு அடங்கியதும் காதுக்குள் 'ஙொய்' என்று ஆரம்பித்திருக்கும். தூக்கம் வராமல் போனைத் துழாவி இந்தக் கருவியின் விளம்பரத்தில் வந்து நின்றிருப்பீர்கள். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். எனக்குக் குறையவில்லை.

சிவப்பு ஒளி சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. 1967-ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகளின் மேல் குறைந்த சக்தி லேசரைக் காட்டியபோது அங்கே முடி சீக்கிரம் வளர்ந்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சிக் கூடுதல் சக்தி தயாரிக்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதைப் பரிந்துரைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வாய்ப்புண் இருக்கும் இடத்தில் ஒளி நேராகப் படும். காக்லியா, அதாவது ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்பும் உள்காது உறுப்பு, அப்படி இல்லை. செவிப்பறைக்கும் அப்பால், உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புகளில் ஒன்றுக்குள் புதைந்திருக்கிறது. காதுத் துளை வழியாக விடும் ஒளியில் மிகக் கொஞ்சம்தான் அங்கே போய்ச் சேரும். தவிர, நீண்டநாள் இரைச்சலில் மூளைக்கும் பங்கு உண்டு. காதிலிருந்து வரவேண்டிய ஒலி குறைந்ததும் மூளை தன் பக்கத்தில் வால்யூமை ஏற்றிக்கொள்கிறது. நிஜ லேசரையும் ஓடாத லேசரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, பலவற்றில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்தபிறகுதான் என் கருவியை மகளிடம் ஒப்படைத்தேன். அவளே காதில் மாட்டிவிடுவாள். சில நாள் ஆன் செய்வாள், சில நாள் செய்யமாட்டாள். எந்த நாள் எது என்று என்னிடம் சொல்லக்கூடாது, தனியாக எழுதிவைக்க வேண்டும். முனை காதுக்குள் போய்விட்டால் வெளிச்சம் கண்ணில் படாது, சூடும் தெரியாது. நான் ஒவ்வொரு இரவும் இரைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டேன். கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கருவி ஓடாத நாட்களில்கூட "இன்று பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறேன். ஓடிய நாட்களில் "தாங்கமுடியவில்லை" என்றும் இருக்கிறது. மதிப்பெண் ஏறியதற்கும் முந்தின இரவு தூங்காததற்கும்தான் தொடர்பு தெரிந்தது. அந்த நோட்டில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஒரு வீட்டில் செய்தது ஆராய்ச்சி ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது, நான் டாக்டரும் இல்லை. "எனக்குக் குறைந்ததே" என்று எழுத வருபவர்களைப் பொய்யர்கள் என்றும் சொல்லவில்லை. தானாக ஏறுவதும் இறங்குவதும் இந்த இரைச்சலின் குணம். மோசமாக இருக்கும்போதுதான் கருவி வாங்கத் தோன்றும், அதன்பின் வரும் இறக்கம் கருவியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எனக்கு உதவியது காது கேட்கும் கருவி. ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்தபோது உயர்ந்த சுருதி ஒலிகள் எனக்குக் குறைவாகக் கேட்பது தெரிந்தது. கருவி போட்டதும் வெளிச்சத்தம் உள்ளே வர ஆரம்பித்தது, இரைச்சல் பின்னால் போனது. முழுதாக நிற்கவில்லை. அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியையும், இரைச்சல் பாடாய்ப்படுத்துபவர்களுக்குச் சி.பி.டி. என்ற மனப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஜின்கோ, மெலடோனின், துத்தநாக மாத்திரைகள் வேண்டாம் என்கிறது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்டவரிடம் யாரும் விசாரிப்பதில்லை. காதில் கருவி தெரிந்தால் போதும், குழந்தையிடம் பேசுவதுபோல் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். சிலர் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். இந்த அவமானத்துக்குப் பயந்தே கருவி போடாமல் எத்தனையோ பேர் விளம்பரங்களின் பின்னால் அலைகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, உங்கள் விஷயம். இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ ஒளிக் கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போங்கள், ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் இல்லை, கருவியையும் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டில் ஒருவரைப் பிடித்து என்னைப்போல நோட்டுப் போட்டுப் பாருங்கள்.