தோற்காத சேவலும் தோற்காத வீரரும்

கேள்வி: மாஸ்டர், நான் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஜப்பான் குத்துச்சண்டைக்காரர்கள் நவோயா இனோவே, ஜுன்டோ நகதானி இருவரும் பட்டத்துக்கு மோதப்போவது பற்றித்தான் எங்கள் தறிக்கூடத்தில் பேச்சு. ரெண்டு பேருக்குமே 32 சண்டை, 32 ஜெயம். சங்கராந்திக்கு, எத்தனை பந்தயம் அடித்த சேவல் என்று கேட்டுத்தான் பணம் கட்டுவோம். இங்கே கணக்கு சமமாக நிற்கிறதே, எதை வைத்து யார் கை ஓங்கும் என்று சொல்வது?

பதில்: தம்பி, சேவல் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். தோற்ற சேவல் பெரும்பாலும் அன்று ராத்திரியே குழம்பாகிவிடும். மறுவருஷம் களத்தில் நிற்பதெல்லாம் தோற்காத சேவல்தான். மனிதர்கள் விஷயம் வேறு. எதிராளியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டே ஒருவரை இருபது சண்டை வரை சேதாரமில்லாமல் கூட்டிப்போய்விடலாம். அதனால் தோல்விக் கணக்கில் நிற்கும் அந்தச் சைபரை விட்டுவிட்டு, அது எப்படி வந்தது என்று பாருங்கள்.

இந்த இருவருமே சொத்தைச் சைபர்காரர்கள் இல்லை. தோல்வி காணாதவர்களை ஏற்கெனவே சாய்த்தவர்கள். 2023 ஜூலையில் ஸ்டீஃபன் ஃபுல்டனை எட்டாவது ரவுண்டில் இனோவே முடித்தார். 2025 ஜூனில் ரியோசுகே நிஷிதாவை ஆறு ரவுண்டுக்கு மேல் எழவிடவில்லை நகதானி. நாக் அவுட் கணக்கு இனோவேவுக்கு 27, நகதானிக்கு 24.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இனோவே இரண்டு முறை தரையைப் பார்த்திருக்கிறார். 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி முதல் ரவுண்டிலேயே இடது ஹுக்கில், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்தில், விழவைத்தார். மறுவருஷம் மே மாதம் லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனாஸ் இரண்டாவது ரவுண்டில், அதுவும் இடது ஹுக்தான். இரண்டு சண்டையையும் ஜெயித்தது இனோவேதான், நெரியை ஆறிலும் கார்டெனாஸை எட்டிலும் நிறுத்தி. நெரி அடித்தபோது துள்ளி எழவில்லை அவர். முட்டி போட்டபடி நடுவர் எண்ணுவதைக் கேட்டு, மூச்சைத் திரட்டிக்கொண்டு எழுந்தார். அந்தச் சில நொடிகளைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். விழாத ஆள் விழுந்தால் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. இனோவே என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். ஓட்டை எங்கே என்பதும் தெரியும்: வேகமாக உள்ளே பாய்கிறபோது, எதிரே வரும் இடதுகை.

நகதானியின் பலமே அந்த இடதுகைதான். அவர் சவுத்பா, அதாவது வலதுகாலை முன்வைத்து இடதுகையைப் பின்னால் வைத்து நிற்பவர். இனோவேவை விட ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம். ஆனால் 112 பவுண்டு எடைப்பிரிவில் தொடங்கி 115, 118 என்று படியேறி, 2025 டிசம்பரில்தான் இந்தச் சண்டைக்கான 122 பவுண்டுக்கு, அதாவது 55.3 கிலோவுக்கு வந்தார். அந்த முதல் சண்டையிலேயே செபாஸ்டியன் ஹெர்னாண்டஸ் பன்னிரண்டு ரவுண்டும் மேலே விழுந்து நெருக்கினார். ஜெயித்தது நகதானிதான், ஆனால் புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் 115-113 என்று நூலிழையில்தான் கொடுத்தார்கள். நான்கு பவுண்டு என்ன பெரிசா என்று கேட்காதீர்கள். எடை பார்ப்பது முந்தின நாள். மறுநாள் அவர்கள் மேடை ஏறுவது அந்த எடையில் அல்ல, தண்ணீரும் சோறும் சேர்ந்து கூடின உடம்போடு.

சண்டையன்று முதல் இரண்டு ரவுண்டு கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். தறிக்கூட நடைபாதையிலேயே சோதித்துக்கொள்ளலாம். நீங்கள் இனோவே மாதிரி இடதுகாலை முன்வைத்து நில்லுங்கள், உங்கள் சிநேகிதர் நகதானி மாதிரி வலதுகாலை முன்வைத்து எதிரே நிற்கட்டும். முன்கால் இரண்டும் ஒன்றையொன்று உரசும். யார் தன் காலை எதிராளியின் காலுக்கு வெளிப்பக்கம் ஊன்றுகிறாரோ, அவருடைய பின்கை நேர்கோட்டில் முகத்துக்குப் போகும். நகதானியின் வலதுகால் திரும்பத் திரும்ப வெளியே விழுந்தால் இனோவேவுக்கு நேரம் சரியில்லை. இனோவே அந்தக் காலைத் தாண்டி உள்ளே புகுந்து விலாவில் அடித்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தால், ஏழு எட்டு ரவுண்டுக்குள் நகதானியின் உயரம் குறைய ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால் இனோவே, கொஞ்சம்தான் கூட. முதல் நான்கு ரவுண்டில் ஒரு முறை அவர் விழுந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பணம் மட்டும் கட்டாதீர்கள். குத்துச்சண்டையில் கை எலும்பு உடைவதும் உண்டு, ஒரு விரிசலில் கணக்கெல்லாம் புரண்டுவிடும். என் வலது சுண்டுவிரல் கணு உடைந்தபோது நானும் உங்கள் பக்கத்துப் புத்தூர் கட்டுக்குத்தான் ஓடி வந்தேன். மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும்.

அப்புறம் நேரம். சண்டை நடப்பது டோக்கியோவில், அது நம்மை விட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே ராத்திரி எட்டரை என்றால் உங்களுக்குச் சாயங்காலம் ஐந்து. தறிச் சத்தத்தில் வர்ணனை காதில் விழாதே என்று தறியை நிறுத்த வேண்டாம். வர்ணனை இல்லாமல் பார்த்தால்தான் கால் கண்ணில் படும்.