ஈர நெல்லும் பர்மா உளுந்தும்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பகோ பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பாவுக்கு 8 ஏக்கர் நிலம். நான் யாங்கூனில் வேலை பார்க்கிறேன். நெல் விலையைத் தினமும் போனில் பார்த்து அவருக்குச் சொல்கிறேன். ஆனால் அந்த விலைக்கு அவர் ஒரு முறைகூட விற்றதில்லை. தெரிந்தும் நஷ்டம் வருவது ஏன்? மழைக்கால நெல்லை அறுத்த பிறகு கோடை நெல்லுக்குப் பதில் உளுந்து போடலாமே என்றால், "2017-ஐ மறந்துட்டியா?" என்று வாயை அடைத்துவிடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

போனில் நீங்கள் பார்க்கும் விலை காய்ந்த நெல்லுக்கு. ஈரம் 14 சதவீதம் என்பது கணக்கு. 2018-ல் அரசு 100 கூடைக்கு (ஒரு கூடை நெல் சுமார் 21 கிலோ) 5,00,000 சாட் (பர்மா நாணயம்) என்று குறைந்தபட்ச விலை அறிவித்தபோதும் இதே 14 சதவீதம்தான் நிபந்தனை. உங்கள் அப்பா கையில் இருப்பது அந்த நெல் இல்லை.

முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, தாளோடு வயலிலேயே கிடத்தி, காய்ந்த பிறகு அடிப்பார்கள். இப்போது அறுக்க ஆள் கிடையாது. பிள்ளைகளில் பாதிப் பேர் தாய்லாந்தில், மீதிப் பேர் யாங்கூனில் (கோபித்துக்கொள்ளாதீர்கள்). அறுவடை மெஷின் காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் மூட்டை கட்டிவிடும். ஆனால் ஈரம் 20, 22 என்று நிற்கும். அதை அப்படியே மூட்டையில் வைத்தால் சூடேறிப் பழுப்பேறிவிடும். எனவே அன்று சாயங்காலமே விற்றாக வேண்டும். வியாபாரிக்கும் அது நன்றாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரமுள்ள நெல் 100 கிலோ, 14-க்குக் காய்ந்தால் 90 கிலோ 700 கிராம். அதாவது நூறு கூடைக்கு நியாயமாகக் கழிக்க வேண்டியது ஒன்பதே சொச்சம் கூடை. எங்கள் ஊருக்கு வருகிற வியாபாரி கையை மூட்டைக்குள் விடுவார், இரண்டு நெல்லைப் பல்லில் கடிப்பார், "பதினைந்து" என்பார். நடுவில் போகிற அந்த ஐந்தாறு கூடைதான் பல வருஷங்களில் எங்கள் அண்ணனுக்கு மிஞ்ச வேண்டிய லாபம். இரண்டு வருஷம் முன்பு நாலு வீடு சேர்ந்து தார்ப்பாய் வாங்கி, மாரியம்மன் கோயில் திடலில் காய வைத்தார்கள். எல்லாவற்றையும் காய வைக்க இடம் போதாது. மூன்றில் ஒரு பங்கைக் காய வைத்தார்கள், அதற்கே வியாபாரியின் பேச்சு மாறியது. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றையும் வாங்கினார்கள். போனில் விலை பார்த்துச் சொல்வதைவிட அதை ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

காய்ந்தாலும் வைத்திருக்க முடியுமா என்பது அடுத்த சிக்கல். மழை நெல்லுக்கு விவசாய வங்கிக் கடன் 2016-ல் ஏக்கருக்கு 1,50,000 சாட் ஆனது, அதுவும் 10 ஏக்கர் வரைதான். 2021-க்குப் பிறகு உரம் விற்ற விலைக்கு அது எந்த மூலைக்கு? மீதியை வெளியே வாங்குகிறோம், அறுவடையில் தருகிறேன் என்று சொல்லித்தான். எல்லோரும் ஒரே மாதத்தில் விற்கிறபோது விலை எங்கே நிற்கும்? இது நேற்று வந்த கதையும் இல்லை. 1930-ல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து வந்து வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டதைவிட, விவசாயியால் கடனைக் கட்ட முடியாமல் போனதுதான் பெரிய காரணம். ஆனாலும் பறிகொடுத்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது? நம் பெரியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

சரி, உளுந்து. செலவுக் கணக்கில் நீங்கள் சொல்வதுதான் சரி. கோடை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க டீசல் வேண்டும், யூரியா வேண்டும். உளுந்து மழை நெல் விட்டுப்போன ஈரத்திலேயே வந்துவிடும். ஆனால் அப்பாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். நெல்லை விற்க முடியாவிட்டால் சாப்பிடலாம், ஊரே சாப்பிடும். நம் உளுந்தோ பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகிறது. அங்கே இட்லி மாவாகிற சரக்குக்கு இங்கே என்ன விலை என்று டெல்லியில் முடிவாகிறது. 2017 ஆகஸ்டில் உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருஷத்துக்கு 3,00,000 டன்தான் இறக்குமதி என்று அங்கே ஒரு அறிவிப்பு வந்தது. விலை ஏறும் என்று மாசியில் எடுத்ததை வைத்திருந்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். பிறகு 2021-ல் ஒப்பந்தம் போட்டு, 2025-26 வரை வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்து வாங்குவதாகச் சொன்னார்கள். அப்படியே வாங்கினாலும் நடுவில் டாலர் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஏற்றுமதிப் பணத்தை, சந்தை விலையைவிடக் குறைவாக, டாலருக்கு 1,850 சாட் என்று மாற்ற வேண்டும் என இங்குள்ள அரசு சொன்னபோது, அந்த இடியும் கடைசியில் களத்து விலையில்தான் விழுந்தது.

என்னைக் கேட்டால், 8 ஏக்கரில் 3 ஏக்கர் உளுந்து போடுங்கள். எடுத்ததும் விற்றுவிடுங்கள், வைத்திருக்க வேண்டாம். வைத்திருக்க முடிந்தால் நெல்லை வையுங்கள், அதுவும் காய்ந்ததை.

2017-ல் எத்தனை கூடை உளுந்து வைத்திருந்தார் என்று அப்பாவை ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் அண்ணன் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.